இடப்பக்கத்தில் ஒருத்தி

"அந்தக் கத்தியைக் கவனமாப் பிடி, பிள்ளை. அது ஆருக்கும் படியாது."

"கத்தி எப்பிடி மச்சாள் படியாமல் போகும்?"

"எனக்குத் தெரியுமே? மதலேனாட கையில எண்டால் கனிஞ்ச பப்பாசிக்குள்ள இறங்கிற மாதிரி இறங்கும். அவள் போனாப் பிறகு நானும் ஒருநாள் எடுத்துப் பாத்தன். மீனை விட்டிட்டு என்ர பெருவிரலைத்தான் தேடிச்சுது."

"வேற கத்தி வாங்கேலாதே?"

"உன்ர மனுசனிட்டக் கேட்டுப் பார். முல்லைத்தீவில கொல்லன் செத்துப் போன மாதிரி, பஸ் ஏறி ஓமந்தைக்குப் போய் அடிப்பிச்சுக் கொண்டு வந்த கத்தி இது. பெண்சாதிக்குச் சங்கிலி செய்விக்கப் போறவனைக் கண்டிருக்கிறன், கத்தி அடிப்பிக்கப் போனவன் இவன் ஒருத்தன்தான். நாங்கள் சிரிச்ச சிரிப்பு." பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா ஒண்டு சொல்லுறன். போனவளைப் பற்றி அவனிட்டக் கதை எடுக்காதை. அவன் தாங்கமாட்டான்."

மரியநேசனுக்கு இரண்டாம் தாரமாக ஜோசப்பின் அந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமையில், அவனுடைய அக்கா நேசமலர் குசினி வாசலில் நின்று சொன்னவை இவை. அன்று அதைப் பாதி வேடிக்கையாகத்தான் ஜோசப்பின் கேட்டாள். ஒரு வருஷம் முடியுமுன்பே அந்தப் பேச்சு அவளுக்கு நித்திரையிலும் கேட்கத் தொடங்கிவிட்டது.

அவள் பூநகரிப் பக்கத்துப் பெண். அங்கே கடலேரி மீன்தான்: திரளி, மணலை, இறால். உள்ளங்கைக்குள் அடங்கும் மீனை உள்ளங்கைக்குள் அடங்கும் கத்தியால் வெட்டிப் பழகியவள். இங்கே முல்லைத்தீவுக்கு வடக்கே, கரைவலை இழுக்கும் பெருங்கடலோரத்தில், ஒவ்வொரு கட்டா மீனும் அவளுடைய கை நீளத்துக்குக் கிடந்தது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம் முழுக்க இந்தக் குடும்பத்தின் வேலை கருவாடு போடுவது. கட்டாவை முதுகு மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்து, முதுகு முள்ளின் ஓரமாகத் தலையிலிருந்து வால் வரை கத்தியை இறக்கி, புத்தகம் விரிப்பது போல இரண்டாக விரிக்க வேண்டும். கத்தி முள்ளோடு ஒட்டிப் போனால் சதை வழுவழுவென்று கண்ணாடி போல வரும். உப்பு ஒரே சீராகப் பிடிக்கும். முள்ளை விட்டு விலகினால் சதை கிழியும். கிழிந்த மடிப்புக்குள் உப்புப் போகாது, ஈ, இலையான் போகும். மூன்றாம் நாள் புழு நெளியும்.

ஜோசப்பினின் கத்தி விலகியது.

எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் விலகியது. தலையடியில் முள்ளைத் தொட்டுக்கொண்டு சரியாகத்தான் தொடங்குவாள். நாலு விரற்கடை போவதற்குள், யாரோ அலகின் மறுபக்கத்தில் விரலை வைத்து மெல்லத் தள்ளுவது போல, கத்தி வலப்பக்கமாகச் சதைக்குள் ஒதுங்கும். இழுத்து நேராக்குவாள். மறுபடி ஒதுங்கும். வால் வரை போய்ச் சேரும்போது மணிக்கட்டு வலிக்கும். முள்ளில் பாதிச் சதை ஒட்டிக்கொண்டிருக்கும்.

"கடலேரிப் பெட்டைக்குக் கட்டாவைக் கண்டால் பயம்," என்று நேசமலர் சிரித்தாள். ஆரம்பத்தில் அந்தச் சிரிப்பில் விஷம் இருக்கவில்லை.

கத்தி மட்டும் என்றால் ஜோசப்பின் பொறுத்திருப்பாள். ஆனால் அந்தக் குசினிக்குள் கால் வைத்த நாளிலிருந்து, தன்னுடைய இடப்பக்கத்தில் ஒருத்தி நிற்பதாக அவளுக்கு ஓர் உணர்வு. அகப்பை எடுக்கக் கை நீட்டினால் அகப்பை அங்கே இராது. அடுப்புக்கு மற்றப் பக்கத்தில், இடது சுவரில் தொங்கும். தண்ணீர்க் குடம் இடப்பக்கம். உப்புச் சிரட்டை இடப்பக்கம். திருவலையில் இருந்து தேங்காய் திருவினால் பூ விழுகிற சுளகை வைக்க வலப்பக்கத்தில் இடமே இல்லை. எதற்கும் தன் உடம்பைக் குறுக்கே வளைத்துத்தான் எட்ட வேண்டியிருந்தது. அவள் வளையும்போதெல்லாம், அந்த இடத்தில் ஏற்கெனவே வளையாமல் நிமிர்ந்து நிற்கிற இன்னொரு உடம்பின் ஊடாகக் கை போவது போல இருக்கும். தோளில் மயிர் சிலிர்க்கும்.

ஒருநாள் துணிந்து, கத்தி தொங்கும் ஆணியைப் பிடுங்கி அடுப்புக்கு வலப்பக்கத்து மரக் கப்பில் அடித்தாள். மறுநாள் விடியக் குசினிக்குள் போனபோது ஆணி பழைய துளையில் இருந்தது. கத்தி அதில் தொங்கியது. மரியநேசன் கடலுக்குப் போய்விட்டான். அவன்தான் மாற்றியிருக்க வேண்டும் என்று அறிவு சொன்னது. ஆனால் அன்று முழுவதும் அவள் அந்தச் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டவில்லை.

மதலேனாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பெயர் ஒன்றுதான். காய்ச்சலில் போனவள், பிள்ளை இல்லை, படம் எடுத்ததில்லை. பெருமைக்காரி என்று நேசமலர் சொல்லுவாள். கரையிலுள்ள மீன் கொட்டிலான வாடியில் மற்றப் பெண்களோடு சேர்ந்திருந்து மீன் வெட்டமாட்டாளாம். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்தில் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டி, அதற்குள் கடலைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்து வெட்டுவாளாம். ஆனால் அவளுடைய கருவாட்டில் ஒரு பிழை பிடிக்க முடியாது. அவள் சிரித்தால் எப்படி இருக்கும், கோபம் வந்தால் என்ன செய்வாள், இந்த மனிதன் அவளை என்னவென்று கூப்பிட்டான், ஒன்றும் தெரியாது. முகம் தெரிந்த ஒருத்தியாக இருந்தால், அவள் ஒரு மூலையில் நிற்பாள். முகம் இல்லாதபடியால் அவள் வீடு முழுக்க நின்றாள்.

கேட்டுவிட வேண்டும் என்று ஜோசப்பின் எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கிழிந்த வலை பொத்தும்போது, அவன் பக்கத்தில் படுத்திருக்கும்போது. ஒரே ஒரு தரம் மதலேனாவைப் பற்றி அவன் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்று இருக்கும். நேசமலரின் எச்சரிக்கை நினைவு வரும். வார்த்தை தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும். அவன் நல்லவன். குரல் உயர்த்தாதவன். அவளை "நீர்" என்றுதான் கூப்பிடுவான், விருந்துக்கு வந்த ஒருத்தியைக் கூப்பிடுவது போல.

பங்குச் சுவாமியாரிடம் போய், இறந்தவளின் ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னாள். பூசையில் முழங்காலில் நின்று, "உன்ர மனுசனை நான் பறிக்கேல்லை, எனக்கு வழி விடு," என்று மன்றாடினாள். அடுத்த நாளும் கத்தி விலகியது.

சனிக்கிழமைகளில் பின்னேரம் மரியநேசன் கிணற்றடியில் குந்தியிருந்து அந்தக் கத்தியைத் தீட்டுவான். மணற்கல்லில் தண்ணீர் தெளித்து, அலகை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, தன் பக்கமாக இழுப்பான். சர்க், சர்க் என்று ஒரே கதியில் சத்தம் வரும். குசினிக்குள் நின்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் முகம் அப்போது இளகியிருக்கும். தீட்டி முடிந்ததும் தேங்காய் எண்ணெய் பூசி, துணியால் துடைத்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பக்குவத்தோடு ஆணியில் மாட்டுவான். ஓர் இரும்பின்மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள்.

மாதா திருநாளுக்கு முல்லைத்தீவுக்குப் போனபோது, கடைத்தெருவில் ஒரு புதுக் கத்தி வாங்கி, சேலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். கண்ணைப் பறிக்கிற மினுக்கம். முகம் பார்க்கலாம். மீனில் வைத்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. முதுகிலிருந்து கீழே வரை ஒரே தடிப்பு. விளிம்பில் ஒரு நூல் அகலத்துக்கு மட்டும் கூராக்கியிருந்தார்கள். தோலை வெட்டியது, பிறகு விறகில் இறுகிய ஆப்பு மாதிரிச் சதைக்குள் நின்றுகொண்டது. அமத்தித் தள்ளினால் சதை பிய்ந்தது. முள்ளில் இரண்டு தரம் முட்டியதும் கத்தியின் கூர்வாய் மடிந்துவிட்டது. நகத்தால் தடவினால் மடிப்பு நெருடியது. மதலேனாவின் கத்தியோ பழைய லொறி வில்லுத் தகட்டில் அடித்தது. கறுத்து, உப்புக் காற்றில் நீலம் பூத்து, பார்க்க அவலட்சணமாக இருக்கும். ஆனால் முதுகில் தடித்து, கீழே வரவர மெலிந்து, வாயடியில் தாழம்பூ மடலின் ஓரம் போல இருந்தது. முள்ளில் முட்டினால் கிண் என்று ஒரு சத்தம் வரும்; வாய் மடியாது. சனிக்கிழமை தீட்டிய கூர் அடுத்த சனி வரைக்கும் நிற்கும்.

மினுங்கிய கத்தியை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்துவிட்டு, அவள் மறுபடியும் கறுத்த கத்தியை எடுத்தாள். வேறு வழி இல்லை. அது மறுபடியும் விலகியது.

ஆவணி பிறந்தபோது, அவள் வெட்டிய கருவாட்டில் ஒரு பாயளவு புழு வைத்துவிட்டது. நேசமலர் அதை மண்ணுக்குள் புதைப்பித்துவிட்டு வந்து, சத்தம் போடாமல்தான் பேசினாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் தாய் வீட்டில் போய் இருந்துவிட்டு வரட்டுமாம். சோளகம் முடிந்து, வாடி வேலை ஓயட்டுமாம். ஞாயிற்றுக்கிழமை முதற்பூசைக்குப் பிறகு, நேசமலரின் புருசன் அருளப்பு பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாராம்.

கொஞ்ச நாள் என்பதற்கு அந்தக் கரையில் என்ன பொருள் என்று ஜோசப்பினுக்குத் தெரியும். பிள்ளை இல்லாமல், வேலைக்கும் ஆகவில்லை என்று தாய் வீட்டுக்குப் போன ஒருத்தியை அவள் தன் ஊரிலேயே பார்த்திருக்கிறாள். அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. அவள் இன்னும் தகப்பன் வீட்டில் இறால் உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றிரவு சோறு போடும்போது, அக்கா சொன்னதைக் கேட்டீர்களா என்று மரியநேசனிடம் கேட்டாள். அவன் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உமக்கு எப்பிடி விருப்பமோ அப்பிடிச் செய்யும்," என்றான்.

போகாதே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவள் ஆயிரம் கட்டா வெட்டியிருப்பாள். அவன் சொல்லவில்லை. அவள் தன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

வெள்ளிக்கிழமை, கலவன் மீனைப் பிரிக்கும்போது கெளுத்தியின் முள் அவளுடைய வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. மஞ்சள் சுட்டு வைத்துக் கட்டியும், விடியும்போது கை பனங்காய் போல வீங்கியிருந்தது. விரல் மடங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பார்த்துத்தான் கடல் அள்ளிக் கொடுத்தது. விடியற்பாட்டு வலையில் கட்டா மட்டுமே வாடி வாசலில் குவிந்து கிடந்தது. பக்கத்து ஊரில் ஒரு சாவு. நேசமலரும் வாடிப் பெண்களும் முதல் நாளே அங்கே போய்விட்டார்கள். மரியநேசன் மீனைக் கொட்டிவிட்டு, அவளுடைய கையைப் பார்த்து, "நீர் தொடாதேயும், விட்டிடும்," என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பாட்டு வலை இழுக்க ஓடினான்.

விட்டுவிடலாம். நாளைக்குப் போகப்போகிறவளுக்கு என்ன வந்தது? மதியத்துக்குள் திறந்து உப்புப் போடாவிட்டால் அத்தனையும் நாறிப்போகும். அதுவும் அவள் கணக்கில்தான் சேரும். ஆனால் மீன் வீணாவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. தோணி ஓட்டும் தண்டல்காரன் மகள் அவள். கடல் தந்ததை அழுக விடுகிறவர்கள்மேல் சிறுவயது முதலே அவளுக்கு ஒரு வெறுப்பு.

கத்தியையும் ஒரு கூடை மீனையும் எடுத்துக்கொண்டு, இன்னும் பிரிக்காமல் நின்ற கிடுகு மறைப்புக்குப் பின்னால் போய், வெட்டுப்பலகைக்கு முன்னால் இருந்தாள். வெயிலுக்குச் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டாள். வலது முழங்கையால் மீனை அணைத்து நிமிர்த்தினாள். இடது கையில் கத்தியைப் பிடித்தாள். அந்தக் கையால் அவள் வாழ்நாளில் ஒரு வெங்காயம் உரித்ததில்லை. பிடி சரியாக அமையவில்லை. முள்ளின் இடது ஓரமாக வாயை வைத்து அமத்தினாள்.

கத்தி போனது.

அவள் கொண்டுபோகவில்லை, அது போனது. தலையடியிலிருந்து வால் வரை, முள்ளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, போகிற வழி முன்பே தெரிந்ததுபோலப் போனது. சதை தானாக விலகி விழுந்தது. உள்ளே ஒரு கீறல் இல்லை.

அவளுக்கு உடம்பு குளிர்ந்தது. பழகாத கை, பிடி அமையாத கை. அதைக்கொண்டு இப்படி வெட்ட முடியாது. அப்படியென்றால் வெட்டியது யார்? தன் இடது தோளுக்குள் இன்னொரு தோள் நுழைந்திருப்பதாக, தன் விரல்களின்மேல் இன்னொருத்தியின் விரல்கள் மூடியிருப்பதாக, நிச்சயமாகத் தெரிந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓட நினைத்தாள். 

இரண்டாவது மீனை எடுத்ததற்கு அவளிடம் காரணம் இல்லை. அதுவும் அப்படியே விரிந்தது. மூன்றாவதில், பயத்தையும் மீறி, அவள் கண் கத்தியின்மேல் பதிந்தது. முள்ளோடு ஒட்டிப் போகும் பக்கம், வலப்பக்கம், தட்டையாக இருந்தது, பலகை போல. மற்றப் பக்கம்தான் வாயை நோக்கிச் சரிந்திருந்தது. சரிந்த பக்கத்தைச் சதை தள்ள, தட்டையான பக்கம் முள்ளோடு போய் ஒட்டியது. வேறொன்றுமில்லை. வலது கையால் வெட்டும்போது வைப்பது போல, முள்ளின் வலது ஓரத்தில் கத்தியை வைத்துப் பார்த்தாள். இப்போது முள்ளைத் தொட்டது சரிந்த பக்கம். இந்தச் சரிவில் முள் முட்டினால், கத்தி முள்ளை விட்டு வெளியேதான் ஒதுங்க வேண்டும். ஒரு வருஷமாக ஒதுங்கியது இதனால்தான்.

கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேய்ந்து வந்த சரிவு அல்ல. அடிக்கும்போதே ஒரு பக்கம் மட்டும் சரித்து அடித்த கத்தி. பிறகு சனிக்குச் சனி ஒரு பக்கம் மட்டுமே கல்லில் வைத்த கத்தி. இடது கைக்காரி ஒருத்திக்காக.

அகப்பை, குடம், உப்புச் சிரட்டை, ஆணி. எல்லாம் அவளுடைய மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் போய் நின்றன. இந்த மறைப்பும்தான். பெருமைக்காரி அல்ல அவள். ஒளிந்திருந்தவள். இடது கையால் தொட்ட சாப்பாட்டுச் சாமானை இந்தக் கரையில் யார் வாங்குவார்கள்? இடது கையால் அகப்பை பிடிக்கிற மருமகளை எந்த வீடு ஏற்கும்? சபையில் வலது கையால் சிலுவை போட்டு, வலது கையால் பரிமாறி, வலது கையால் உண்டு, இந்தக் கிடுகுக்குப் பின்னால் மட்டும் அவள் தன் கையோடு இருந்திருக்கிறாள். ஓமந்தை வரை போய்க் கத்தி அடிப்பித்த மனிதன் ஒருவனுக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது.

ஜோசப்பினுக்குக் கண் நிறைந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. அப்போதுதான், தட்டையான பக்கத்தில், வாயோரமாக, வெயில் பட்டுச் சில கீறல்கள் மினுங்குவதைக் கண்டாள். மணற்கல்லின் கீறல். அந்தப் பக்கத்தை யாரோ கல்லில் வைத்து, சில இழுவைகள் இழுத்து, நிறுத்தியிருக்கிறார்கள்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே வெட்டினாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இடப்பக்கத்தில் ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். ஆனால் இப்போது அவளுக்கு ஒரு கை இருந்தது. வெயில் ஏற ஏற, விரிந்த மீன்கள் பாயில் வரிசையாகச் சேர்ந்தன.

"மதலேன்!"

பின்னால் கேட்ட குரலில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயர் இந்த வளவுக்குள் அவன் வாயிலிருந்து வந்ததை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. திரும்பினாள். மரியநேசன் மறைப்பின் வாயிலில் நின்றான். தோளில் கிடந்த வலைக்கயிறு நழுவி மணலில் விழுந்தது. முக்காடு, குனிந்த முதுகு, அசைகிற இடது கை; பின்புறமாக அவன் கண்டது அதைத்தான். அவள் முகத்தைக் கண்டதும் அவனுடைய வாய் திறந்தபடி நின்றது. பிறகு அப்படியே மணலில் குந்திவிட்டான்.

அவள் கோபப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கத்தியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு மூச்சு வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவாவுக்கு இடக்கை, என்ன?" என்றாள் மெல்ல.

அவன் தலையசைத்தான்.  சிறுவயதில் மதலேனாவின் தாய் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டி வைத்தாளாம். பள்ளிக்கூடத்தில் விரல் மொளியில் பிரம்பால் அடித்தார்களாம். கலியாணம் முடித்த கிழமை, ஏதோ கொலை செய்தவள்போல அழுது அவனிடம் சொன்னாளாம். மாதா படத்துக்கு முன்னால் அவனிடம் சத்தியம் வாங்கினாளாம், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று. முல்லைத்தீவுக் கொல்லனிடம் சொன்னால் பின்னேரத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் முகம் தெரியாத ஓமந்தைக்குப் போனான்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் ஆருக்குச் சொல்லப் போறன்?"

"உமக்கு என்னத்தைச் சொல்ல?" அவன் மணலைக் கையால் அளைந்தான். "அவளைப் பற்றி எதைச் சொல்ல வெளிக்கிட்டாலும் அந்தக் கை வந்திடும். தலை சீவினதைச் சொன்னாலும் வரும். பகிடிக்கு என்ர முதுகில அறைஞ்சதைச் சொன்னாலும் வரும். சாகிறபோது என்ர கையைப் பிடிச்சதும் அந்தக் கைதான். அது இல்லாமல் அவளைச் சொல்ல எனக்குத் தெரியாது. அதாலை வாயே திறக்கேல்லை."

கடற்காற்றுக் கிடுகை அசைத்தது. ஜோசப்பின் கத்தியைத் திருப்பி, தட்டையான பக்கத்திலிருந்த கீறல்களைக் காட்டினாள். "இது?"

அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"எங்கட கலியாணத்துக்கு முதல் நாள். வாறவளுக்கு ஏற்ற மாதிரி மாத்துவமெண்டு கல்லில வைச்சன். கொஞ்சம் இழுத்தன். பிறகு கை போகேல்லை." மணலில் விரலால் ஒரு கோடு இழுத்தான். "நீர் வெட்டக் கஷ்டப்படுறதை நான் காணாமல் இல்லை. ஒவ்வொரு சனியும் இண்டைக்கு மற்றப் பக்கத்தைத் தேய்ப்பம் எண்டுதான் குந்துவன். தேய்ச்சால் அவள் போயிடுவாள் போல இருக்கும்."

பிறகு எழுந்தான். மறைப்பு மூலையில் கிடந்த சிறு கல்லை எடுத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"தாரும். இப்பவே நேராக்கித் தாறன். செய்ய வேண்டியதை நான் ஒரு வருஷம் பிந்திச் செய்யிறன். நாளைக்கு நீர் பஸ் ஏற வேண்டாம். அக்காவோட நான் கதைக்கிறன். நீர் இஞ்ச நில்லும்."

ஒரு வருஷமாக அவள் காத்திருந்த சொல் அது. கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது. ஆனால் கையை நீட்டியவன் கத்தியைப் பார்க்காமல் கடலைப் பார்ப்பதையும் அவள் கண்டாள். இந்தக் கத்தியை அவன் தேய்த்துக் கொடுப்பான். தேய்த்த கையோடு மறுபடியும் வாயைப் பூட்டிக்கொள்வான். கத்தி நேராகிவிடும். முகமில்லாத ஒருத்தி இன்னும் இந்த வீடு முழுக்க நிற்பாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் படுப்பாள்.

அவள் கத்தியைக் கொடுக்கவில்லை. அதை மடியில் வைத்துவிட்டு, இடது கையை நீட்டி, அவனுடைய கையிலிருந்த கல்லை வாங்கிப் பலகைக்கு அடியில் வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து, மறைப்புக்குள் அவனுக்கு இடம் விட்டாள். அவன் விளங்காமல் நின்றான்.

"கத்தி பிறகு. போறதும் நிக்கிறதும் பிறகு. முதல்ல இதில இருங்கோ," என்றாள்.  இந்த முறை அவள் சொல்லை விழுங்கவில்லை.

"மதலேனா அக்காவைப் பற்றி எனக்குச் சொல்லுங்கோ. அந்தக் கையையும் சேர்த்துச் சொல்லுங்கோ."